கதவிடுக்கில் ஒரு செருப்பு

"ஏலே, எவம்ல மறுபடியும் கதவைத் திறந்து போட்டது?"

யேசுராஜ் போட்ட சத்தத்தில் வளைகுடா நாட்டின் முசஃபா தொழிலாளர் கேம்ப்பில் அந்த ரூமே கிடுகிடுத்தது. மத்தியான வெயிலுக்கு சைட்டில் வேலையை நிறுத்திவிட்டு வந்து படுத்தால், மெத்தை நசநசவென்று இருக்கிறது. சுவரில் தண்ணீர் கோடு கோடாக வழிகிறது. லீவுக்கு ஊருக்குப் போட்டுப்போக வைத்திருந்த புதுச் சட்டையில் பூஞ்சை பூத்துவிட்டது. மனுஷனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

கதவிடுக்கில் ஒரு ரப்பர் செருப்பு முட்டுக் கொடுத்திருந்தது. அதே ரூமில் தங்கியிருக்கும் உடையப்பனின் செருப்பு.

"அண்ணே, கொஞ்சூண்டுதான் திறந்திருக்கு..."

"கொஞ்சமா இருந்தா என்னல? வெளிய உள்ள ஈரக்காத்து பூரா உள்ளதான வரும்? ஏசி மெக்கானிக் எனக்கே பாடம் எடுக்கியா? இந்தக் கேம்ப்புலயே ஒழுங்கா ஓடுற ஏசி இது ஒண்ணுதான். இதை ஓட வைக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியும்லா?"

"தெரியும்ணே. நான்தானே டார்ச் பிடிச்சேன்."

"பின்ன? இன்னொரு தடவை செருப்பை வச்சேன்னு வையி, கேம்ப் பாஸ்கிட்ட சொல்லி உன்னை வேற கேம்ப்புக்குத் தூக்கிருவேன். அதோட கலாஸ், உன் கதை முடிஞ்சுது!"

கதவை அறைந்து சாத்திவிட்டு, போர்வையை இழுத்து மூடித் தூங்குவதுபோல் கிடந்தான் யேசுராஜ். கொஞ்ச நேரம்தான். உடையப்பன் பூனை மாதிரி எழுந்து போனான். கதவு மெல்லத் திறந்தது. செருப்பு பழைய இடத்துக்கே வந்தது.

"திமிராலே உனக்கு?"

யேசுராஜ் பாய்ந்து வந்து, செருப்பை எட்டி உதைத்து, கதவை விரியத் திறந்தான்.

வராந்தாவில் நாலு பேர் படுத்திருந்தார்கள். நாலு தலையும் கதவிடுக்கை ஒட்டி. நெஞ்சில் ஈரத்துண்டு. மூச்சு இரைக்கிறது. அதில் வயதானவர் பதறி எழுந்து பாயைச் சுருட்டினார்.

"சாரி பாய், சாரி பாய்..."

"யாருல இவங்க?"

"புதுசா வந்தவங்கண்ணே. கிளீனிங் வேலை, நைட் டூட்டி. பகல்லதான் தூங்கணும். ரூம்ல ஏசி ஓடல, அடுப்பு மாதிரி கொதிக்குது. இந்த வயசான யஹ்யா பாய் நேத்து மயங்கியே விழுந்துட்டாரு."

யேசுராஜ் குனிந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

"அட ஏசுவே! செத்துப் போவாங்களேல! நான் ஒருத்தன் இருக்கேன், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? எந்த ரூம்ல? ஏசிக்கு என்னதான் ஆச்சு?"

உடையப்பன் தலையை நிமிர்த்தவே இல்லை.

"எதிர் ரூம்தாண்ணே. ஆளில்லாத ரூம்தானேன்னு நம்ம ஏசிக்கு மோட்டாரைக் கழட்டிட்டு வந்தீங்களே... அந்த ரூம்."