பொன்னெழுத்துப் பலகை

மெல்பேர்ண் பல்கலைக்கழகம் ஒன்றின் பேஸ்பால் கழகச் சுவரில், விருதுப் பலகையின் பொன்னெழுத்துகள் மத்தியான வெயிலில் மினுங்குகின்றன. மேல்பாதியில் ஆட்டக்காரர்கள், கீழ்ப்பாதியில் பயிற்சியாளர்கள். 2011இன் சிறந்த பந்தெறிவாளர் சேந்தன். அதே வருடத்தின் சிறந்த பயிற்சியாளர் மார்ட்டின். அந்த வருட இறுதி ஆட்டத்தோடு சேந்தனின் தோள் கிழிந்துபோனதைப் பொன்னெழுத்தில் எழுத எவனுக்கும் தோன்றவில்லை. வலிக்குது என்று அவன் சொல்லச்சொல்ல, "இன்னும் கொஞ்சம்" என்று திரும்பத் திரும்ப எறியவைத்த மார்ட்டின், கையில் பியர் கிளாஸோடு நிற்கிறார். "நான் பார்த்ததிலேயே அருமையான கை இவனுடையது," என்று பழைய ஆட்டக்காரர் ஒன்றுகூடலுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். அன்றைக்கு "கோச் சொல்லுறதைக் கேள்" என்று அதட்டிய அப்பா, இன்றைக்குப் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். "உன்ர பேரைத் தொட்டுக்கொண்டு நில்லு தம்பி, ஒரு படம் எடுப்பம்." சேந்தன் வலக்கையை உயர்த்துகிறான். அது தோள்மட்டத்திலேயே நின்றுவிடுகிறது. "இன்னும் கொஞ்சம் உயர்த்தடா," என்கிறார் அப்பா. கை எட்டிய இடத்தில் மார்ட்டினின் பெயர் இருக்கிறது. சேந்தன் அதன்மேல் உள்ளங்கையைப் பதித்து முழுசாக மூடுகிறான்.

"இவ்வளவுதான் அப்பா. எடுங்கோ."