கண்ணாடி

“இங்கிலீஷ்ல டைம்னா நேரம்தானே சார்? எனக்கு அது ஒண்ணுதான் தெரியும்.”

வாசலிலேயே நின்று கேட்டவளை மாசிலாமணி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பிரம்மதேசம் சவுரியம்மாள். நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவள். அவள் மகள் எலிசா, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் இந்த டியூஷனில்தான் இரண்டு வருஷம் இங்கிலீஷ் படித்தாள்.

“உள்ள வாம்மா, உக்காரு. நேரம்னு மட்டும் சொல்லிட முடியாது. எந்த வாக்கியத்துல வருதோ அதுக்கு ஏத்த மாதிரி மாறும்.”

சாயங்காலப் பிள்ளைகள் இன்னும் வரவில்லை. இங்கிலீஷில் சந்தேகம் கேட்க ஓர் ஆள் கிடைத்துவிட்டால் மாசிலாமணிக்குத் தலைகால் புரியாது. விரலை மடக்கி மடக்கிச் சொல்ல ஆரம்பித்தார்.

“வாட் இஸ் த டைம்னா மணி என்னன்னு அர்த்தம். த்ரீ டைம்ஸ்னா மூணு தடவை. ஹார்டு டைம்னா கஷ்ட காலம். டேக் யுவர் டைம்னா அவசரப்படாதே, நிதானமா செய். இட் இஸ் டைம் டு கோன்னா கெளம்புற வேளை வந்துடுச்சு.”

சவுரியம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தாள். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் ஆட்டவில்லை.

“எங்க வீட்டுக்காரரு பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில படுத்துக்கினு இருந்தாரில்ல சார்? பெரிய டாக்டரு, டாக்டருக்குப் படிக்கிற பசங்கள சுத்தி நிக்க வெச்சி, இவரைக் காமிச்சி இங்கிலீஷ்ல ஒண்ணு சொன்னாரு. அதுல டைம்னு வந்துச்சி. போன வாரம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அதுக்கு அர்த்தம் தெரியாம வீட்டுல சோறு எறங்கல.”

“அது உனக்கு எப்படிம்மா ஞாபகம் இருக்கும்?”

“அவரு சின்ன வயசுல கோயில்ல பூசைக்கு உதவி பண்ணவரு சார். அப்பல்லாம் பூசை லத்தீன்லதான். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது, ஆனா அத்தனை ஜெபத்தையும் பிசகாம ஒப்பிப்பாரு. அந்தப் பழக்கத்துல, டாக்டரு சொன்னதையும் காதுல கேட்டபடி புடிச்சிக்கினாரு. ராவும் பகலும் அதையே முணுமுணுத்துக்கினு இருக்காரா, எனக்கும் பாடமாயிடுச்சி.”

அவள் கைகளைக் கட்டிக்கொண்டாள். ஜெபம் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“ஹீ டஸ் நாட் ஹேவ் மச் டைம்.”

அவரிடம் படித்தவர்களில் பாதிப் பேருக்கு இவ்வளவு சுத்தமாக வராது. ஆனால் மாசிலாமணிக்கு அதைப் பாராட்டத் தோன்றவில்லை. அவள் புருஷன் லூர்துநாதனுக்கு இனி அதிக நாள் இல்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வேறு எந்த வழியில் திருப்பிப் பார்த்தாலும் அந்த வாக்கியம் அதைத்தான் சொன்னது.

விழுப்புரம் கோர்ட்டிலிருந்து வந்த காகிதமோ, துபாய்க்குப் போனவன் அடித்த தந்தியோ, இந்தச் சுற்றுவட்டாரத்தில் எது வந்தாலும் மாசிலாமணியிடம்தான் வரும். நல்லதோ கெட்டதோ, உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார். கேட்கிறவர் முகத்தைப் பார்த்து அர்த்தத்தை மாற்றுகிறவன் வாத்தியாரே இல்லை என்று வகுப்பில் அடித்துப் பேசுவார். அவர் பேச்சுக்கு ஊரில் மறுபேச்சு இல்லாமல் போனது அதனால்தான்.

இப்போது அவர் எதிரே இருந்தவளின் முகத்தைப் பார்த்தார். ஈஸ்டர் முடிந்ததும் எலிசாவுக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் வெகுநேரம் துடைத்தார்.

“அது என்னா சார் சொல்லுது?”

“அது வந்தும்மா...” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “குணமாவறதுக்கு அதிக நேரம் புடிக்காதுன்னு சொல்லியிருக்கார். கொஞ்ச நாள்ல பழையபடி எழுந்து நடமாடுவார்னு அர்த்தம்.”

“நிச்சயமா சார்? வேற மாதிரி அர்த்தம் வராதே?”

“நான் தப்பா அர்த்தம் சொல்லி நீ கேள்விப்பட்டிருக்கியா?”

“இல்ல சார். ஊர்ல யாருமே கேள்விப்பட்டதில்ல.”

வாத்தியார் வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் சொன்ன முதல் தப்பான அர்த்தம் அது. உடம்பெல்லாம் கூசியது. என்றாலும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. இனியாவது இவள் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடட்டும் என்று நினைத்தார்.

சவுரியம்மாள் எழுந்தாள். அவர் எதிர்பார்த்த சந்தோஷம் அவள் முகத்தில் வரவில்லை. முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டு வாசல்வரை போனவள், திரும்பி நின்றாள்.

“பெரிய டாக்டரு அன்னிக்கே என்னைத் தனியா கூப்ட்டு, தமிழ்லயே எல்லாத்தையும் சொல்லிட்டாரு சார். எலிசா கல்யாணம் வரைக்கும் தாங்கறதே கஷ்டமாம்.”

மாசிலாமணி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நாலு நாளா அவரு கஞ்சிகூட தொடல. நீயோ எலிசாவோ சொன்னா நம்ப மாட்டேன், மாசிலாமணி வாத்தியார் வாயால கேட்டாத்தான் நம்புவேன்னு சொல்லிட்டாரு. நீங்களோ உள்ளதை உள்ளபடி சொல்றவரு. அதான் முன்னாடி நான் வந்து கேட்டுப் பாத்தேன்.” அவள் தெருப்பக்கம் எட்டிப் பார்த்தாள். “எதிர் டீக்கடையிலதான் உக்காந்துக்கினு இருக்காரு, கூட்டியாறேன். இப்ப என்கிட்ட சொன்னதையே அவர்கிட்டயும் சொல்லிடுங்க சார். சொல்லும்போது கண்ணாடியை மட்டும் கழட்டாதீங்க.”