மனம் குளிரும் இடம்

கடற்கரையும் யானையும் பார்த்து அலுத்த பயணிகளுக்கு, உள்ளூர்க்காரரின் மனம் குளிரும் இடங்கள்தான் வேண்டியிருந்தன. கட்டியிருப்பவரின் மனம் குளிர்ந்தால் அந்த இடத்தைப் பயணிகளுக்கு அறிவித்துவிடும் மின்பட்டியை, மன்னார் வழிகாட்டி சுகிர்தா வேலைக்காகக் கையில் கட்டியிருந்தாள். அது ரொசாலியா அக்காவின் தேத்தண்ணிக் கடையைக் காட்டிக்கொடுத்தது. பயணிகள் வந்து குவிந்தார்கள். இருக்க இடமில்லாமல் மீனவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

“ஆர் பிள்ளை இவையளுக்கு வழி காட்டினது? எங்கட ஆக்கள் ஒருத்தரையும் காணேல்லை” என்றார் அக்கா.

“தெரியாதக்கா” என்ற சுகிர்தா, கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

வீடு திரும்பும் வழியில் கரைவலை இழுப்பவர்களின் பாட்டுக் கேட்டது. எப்போதும் நின்று கேட்பவள், இன்று மனம் குளிர்ந்துவிடுமோ என்று பயந்து காதைப் பொத்திக்கொண்டு நடந்தாள்.