மாரிலுஸின் பழைய ஹெல்மெட்

“மூச்சு முட்டுதா?”

“முட்டுது.”

“அப்ப இதான் சரியான அளவு,” என்றான் லிபார்தோ. புது ஹெல்மெட்டின் வாரை மனைவியின் தாடைக்குக் கீழே இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டான்.

கடைக்காரர் ஓஸ்வால்தோவுக்குப் பொறுக்கவில்லை. “கழுத்தை நெரிக்காதீங்க தம்பி. கன்னத்தைக் கவ்விப் பிடிச்சாப் போதும். தலையை ஆட்டினா ஹெல்மெட்டும் கூடவே வரணும், தனியா ஆடக் கூடாது. வாருக்குள்ள ரெண்டு விரல் போகணும்.”

லிபார்தோ விரலை விட்டுப் பார்க்கவில்லை. எதுவும் இறுக்கமாக இருந்தால்தான் அவனுக்கு நிம்மதி. மாரிலுஸ் வெளியே போவதென்றால் அவன் பைக்கில், அவன் பின்னால்தான். அதுவும் ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா வீட்டுக்கு மட்டும். மொந்தேரியாவில் பாதி ஊர் பைக் டாக்சியில்தான் போய்வருகிறது. அவளுக்கு அதுவும் கூடாது. கண்டவன் முதுகில் சாய்ந்துகொண்டு என் பெண்டாட்டி போவாளா என்பான்.

போன ஞாயிறு அவளுடைய பழைய ஹெல்மெட் லொடலொடவென்று ஆடி வழியெல்லாம் அவன் தலையில் இடித்தது. அதனால்தான் இந்தப் புதுசு.

விலையைக் கேட்டதும் லிபார்தோ பையிலிருந்து பழையதை எடுத்து மேஜைமேல் வைத்தான். “இதை எடுத்துக்கிட்டுக் குறைச்சுப் போடுங்க அண்ணே. புதுசு மாதிரிதான் இருக்கு. வாரத்துக்கு ஒரு நாள்தான் போடுவா.”

பக்கத்துத் தெருக் கடைதானே என்று நடந்தே வந்ததால், அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருப்பான் என்று மாரிலுஸ் நம்பியிருந்தாள்.

பேரம் என்று வந்துவிட்டால் ஓஸ்வால்தோ லேசில் விடுகிற ஆளில்லை. ஹெல்மெட்டைப் புரட்டி உள்ளே கட்டைவிரலால் அமுக்கினார். “வாரத்துக்கு ஒரு நாளா? கன்னத்துப் பஞ்சு சப்பையாப் போச்சே. தினமும் மணிக்கணக்காப் போட்டாத்தான் இப்படி ஆகும்.”

“வாங்கி மூணு வருஷம் ஆச்சு. இந்த ஊர் வெயிலுக்கு இளகியிருக்கும்.”

“சரி, கண்ணாடியைப் பாருங்க. பூரா பூச்சி அடிச்சுக் காய்ஞ்சு கிடக்கு. கீறல் வேற. இதைப் போட்டுக்கிட்டு எதிர்வெயில்ல போனா ரோடே தெரியாது. தூக்கிப் போட வேண்டிய சாமான் தம்பி.”

“குறைக்க மனசில்லைன்னு நேராச் சொல்லுங்களேன்,” என்று லிபார்தோ சிரித்தான்.

புது ஹெல்மெட்டுக்குள் மாரிலுஸுக்கு அவள் மூச்சே இரைச்சலாகக் கேட்டது. வாரைக் கழற்றப் பார்த்தாள். கொக்கி விரலுக்குச் சிக்கவில்லை. அவன் வேலைக்குக் கிளம்பிய பிறகு, மகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள், அந்தக் காலை நேரம் ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது. அவனுக்குத் தெரிந்துவிட்டால் அவ்வளவுதான். வாசலுக்கே பூட்டு விழும்.

“வேற கடை பார்க்கலாம்... வா, போகலாம்,” என்றாள் குழறலாக. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பேசியது யார் காதிலும் விழவில்லை.

“இங்க பாருங்க, பின்னாடி,” என்றார் ஓஸ்வால்தோ விடாமல். “உங்க வண்டி நம்பர் மேல வேற ஒரு நம்பரை ஒட்டி ஒட்டி உரிச்சிருக்காங்க. இந்தப் பசை போகவே போகாது. இதை நான் யார் தலையில கட்டுறது?”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. எந்த வண்டியில் போகிறோமோ அந்த வண்டியின் நம்பர் ஹெல்மெட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் போலீஸ் பிடிக்கும். அந்த ஊரில் இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவர் ஏதோ துணியைத் தேடுகிற மாதிரி உள்ளே நழுவினார்.

லிபார்தோ நகத்தால் அந்த இடத்தைச் சுரண்டினான். பசை விரலில் ஒட்டியது. மெதுவாக நகர்ந்து அவளுக்கும் வாசலுக்கும் நடுவில் வந்து நின்றான்.

“யார் வண்டி நம்பர்?”

அவள் கை மறுபடியும் வாரின் கொக்கியைத் தேடியது.

“நான் அந்தப் பக்கம் வேலைக்குப் போனதும் நீ இந்தப் பக்கம் கிளம்பிடுற. தினமும். அப்படித்தானே?” அவன் குரல் உயரவே இல்லை, அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. “வாயைத் திற. எவன் பின்னாடி உக்காந்துக்கிட்டு ஊரைச் சுத்தின?”

ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவளுக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் முந்திக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் அவன் புத்தி அதற்கு மேல் போகவில்லை.

மாரிலுஸ் முகத்துக் கண்ணாடியை மேலே தள்ளினாள்.

“எவன் பின்னாடியும் இல்ல. ஊர்க்காரங்கதான் என் பின்னாடி உக்காந்தாங்க, காசு குடுத்து.”