மயிலுக்குச் சுவர் ஃபேன்

"உங்களுக்கு என்னென்ன புடிக்கும்?" என்று அன்புமொழி கேட்டதும், வந்த வேலை பாதி முடிந்ததாக நினைத்துக்கொண்டேன்.

பெண் பார்க்கப் போன இடத்தில் இந்தக் கேள்வி எப்படியும் வரும். அதற்கென்றே ஆலங்குடியிலிருந்து விராலிமலை வரும்வரை பஸ்ஸில் பதில்களைச் செதுக்கிக்கொண்டு வந்திருந்தேன். பக்கத்து சீட்டில் அம்மா தூங்கிவிட்டதால் ஒத்திகைக்கும் தடையில்லை.

நான் காமெடி எழுதுகிறவன். டி.வி.யில் ஞாயிற்றுக்கிழமை வரும் ஒரு நிகழ்ச்சிக்கு எழுதுகிறேன். 'எழுத்து: பிரசாந்த்' என்று வருகிற நேரத்தில் சரியாக விளம்பரம் போட்டுவிடுவார்கள்.

போன இடத்திலெல்லாம், சிரிப்பு எழுதுவது ஒரு வேலையா என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். எனக்கும் முப்பத்தாறு ஆகிவிட்டது. இந்தப் பெண்ணையாவது சிரிக்க வைத்துவிட வேண்டும். சிரித்துவிட்டால் சம்மதம் என்பது என் கணக்கு.

தனியாகப் பேசட்டும் என்று எங்களைப் பின்பக்க வராந்தாவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள்.

ஆரம்பித்தேன்.

எனக்குப் பிடித்த வாசிப்பு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸைத் தவறவிட்டாவது ஒன்றுவிடாமல் படித்துவிடுவேன். இறந்தவர் படம் ஓரத்தில் சின்னதாக இருக்கும். வருந்துகிறவர்கள் கூலிங் கிளாஸோடு ஆளுயரத்துக்கு நிற்பார்கள்.

பிடித்த சாப்பாடு, கல்யாண வீட்டுக் கடைசிப் பந்தி. அதற்குள் சாம்பார் தண்ணியாகியிருக்கும், சம்பந்தி சண்டை கெட்டியாகியிருக்கும்.

பிடித்த விளையாட்டு, அடுத்தவர் காரை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று 'வா வா வா' என்று கை காட்டுவது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

பிடித்த இசை, மிக்சி நின்றதும் வருவது.

அன்புமொழி கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். மாட்டுக்கு ஊசி போடப் போகிற முகத்தோடு எல்லாவற்றையும் கேட்டாள். உதடு கொஞ்சம்கூட அசையவில்லை. போச்சு என்று தெரிந்துவிட்டது.

மரியாதைக்கு, அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன்.

மயில் என்றாள்.

மயில்கள் திரிகிற விராலிமலையில் அதில் ஆச்சரியம் இல்லை. கொல்லைக்குத் தினமும் காலையில் ஒரு மயில் வருமாம். அவள் கையால் இட்லி வைத்தால்தான் சாப்பிடுமாம். சாம்பார் போதுமாம், சட்னியைத் தொடாதாம். மத்தியானம் ஃபேனுக்கு அடியில் தூங்குமாம். அவளைக் காணாவிட்டால் ஏங்கிப்போய்விடும் என்பதால், கல்யாணமானால் அதையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டுமாம்.

நாங்கள் இருப்பது வாடகை மாடி. ஹவுஸ் ஓனர் பூனைக்கே முகம் சுளிக்கிறவர்.

ஆனாலும் யோசித்துப் பார்த்து, ஓனரிடம் பேசிக்கொள்ளலாம், மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டுவிடலாம் என்றேன். ஃபாரஸ்ட் ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது என்றும் சொன்னேன்.

ஃபேன் உண்டா என்று கேட்டாள்.

சீலிங் ஃபேன் வேண்டாம், தோகையை விரித்தால் அடிபடும், சுவர் ஃபேன்தான் சரி என்றேன். அதையும் இரண்டாம் நம்பரில் வைத்தால் போதும்.

அவள் அதே முகத்தோடு தலையாட்டினாள். பிறகு சரிங்க என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கேசரியும் பஜ்ஜியும் முடிந்து, போன் பண்ணிச் சொல்கிறோம் என்று அவள் அப்பா கைகூப்பினார். அந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம். அம்மா கூடத்தில் அவரிடம் சொல்லிக்கொண்டு வருவதற்குள் நான் வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினேன்.

பக்கத்திலிருந்த சமையலறை ஜன்னல் வழியே சிரிப்பு வெடித்தது.

நாலைந்து பெண்கள். நடுவில் அன்புமொழி, அச்சு அசல் என்னைப் போலவே பேசி, தோகைக்கு ஏன் சுவர் ஃபேன்தான் சரி என்று விளக்கிக்கொண்டிருந்தாள். மயிலாவது இட்லியாவது, அதையும் ஒரு மனுஷன் நம்பினானா என்று யாரோ மூச்சுத் திணறக் கேட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை வருஷமாகக் காமெடி எழுதுகிறேன். எதிரே உட்கார்ந்து ஒருத்தி என்னை வைத்து ஒரு முழு எபிசோட் நடத்தியிருக்கிறாள், நான் அதற்குக் கொட்டகை போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

வெட்கமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. அந்த முகம் எனக்குச் சத்தியமாக வராது. கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும் என்று தோன்றியபோது காலம் கடந்திருந்தது.

சிரிப்பு அடங்கியதும், இப்படி விவரமில்லாத ஆளாக இருக்கிறாரே, வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று அவள் அம்மா கேட்டார்.

ஒரு கால் செருப்போடு அப்படியே நின்றேன்.

"வேணாம்னு சொல்லிராதீங்கம்மா. முன்ன வந்தவுகள்லாம் மயிலுன்னதும் சிரிச்சுட்டு வேற பேச்சுக்குப் போயிட்டாக. இவரு ஒருத்தருதான் அதுக்கும் ஒரு எடம் பாத்தாரு."

என் அம்மா வெளியே வந்தாள். பொண்ணு எப்படி என்று கேட்டாள்.

"புடிச்சிருக்கும்மா" என்றேன்.

அதற்கு மேல் ஏதோ ஜோக் வரும் என்று அம்மா பஸ் ஸ்டாண்ட் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.