வளர்ப்பு சரியில்லை

குழந்தை இயேசு சின்னவன் வாயில் இருந்தார். கால் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன.

தம்பி மனைவி ஓடிவந்து விரலை விட்டு அவரை மீட்டாள். தோளில் கிடந்த துண்டால் துடைத்து மறுபடி குடிலில் படுக்க வைத்தாள். ஒன்றரை வயதுச் சின்னவன் "மாமி, மாமி" என்று அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதான்.

மம்மி என்று திருத்தமாகச் சொல்லக்கூடப் பழக்கவில்லை. சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்த அக்கா மனதுக்குள் இன்னொரு மதிப்பெண்ணைக் குறைத்தாள்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் குறைத்துப் பழகிய கை அது. அவள் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்ற அன்று சக ஆசிரியர்கள் விட்ட பெருமூச்சைப் பிரிவுத் துயரம் என்றே இன்றுவரை நம்புகிறாள்.

தம்பியோடு ஐந்து வருஷமாகப் பேச்சு இல்லை. அவளுடைய ஒரே மகள் பேச்சை மீறி ஒரு பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் இவன்தான். மகளைத் தலைமுழுகிய கையோடு தம்பியையும் சேர்த்தே முழுகிவிட்டாள்.

போன வாரம் திடீரென்று போன் வந்தது. இப்போது வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளே வந்துவிடுங்கள் என்று தம்பி கூப்பிட்டான். கல்யாணமாகிப் பத்து வருஷம் ஒன்றும் பெறாதவள் கமுக்கமாக இரண்டு பெற்றுவிட்டாளா, என்ன லட்சணத்தில் வளர்க்கிறாள் பார்த்துவிடலாம் என்றுதான் அக்கா கிளம்பி வந்தாள்.

பார்த்தாள். கிறிஸ்துமஸ் மரத்தை ஏதோ கைதியைப்போல ஜன்னல் கம்பியோடு கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரம்வரை கிளைகள் மொட்டை. வாங்கிய நட்சத்திரம் அத்தனையும் உச்சியில் நெருக்கியடித்துக்கொண்டு தொங்கின.

பரிசுப் பொட்டலங்கள் பீரோவின் தலைமேல் ஏறியிருந்தன. தரையெங்கும் கடித்துத் துப்பிய பிஸ்கட், ஒற்றைச் சாக்ஸ், அங்கங்கே ஈரம். அது என்ன ஈரம் என்று கேட்க அக்காவுக்கே துணிவு வரவில்லை.

தம்பி பல்செட் செய்கிறவன். சாப்பாட்டு மேசையில் யாருடைய கீழ்வரிசையோ அரைகுறையாகக் காத்திருக்க, அவன் பல் ஒட்டுகிற பசையை எடுத்துக் குடிலின் கழுதைக்குத் தலை ஒட்டிக்கொண்டிருந்தான். தலையில் கிறிஸ்துமஸ் தாத்தா குல்லா வேறு. போட்டால் பெரியவள் பயந்து அழுகிறாள், கழற்றினால் சின்னவன் அழுகிறான் என்று பாதித் தலையில் மாட்டியிருந்தான்.

காலையிலிருந்து அக்கா சொல்லாத புத்திமதி இல்லை. ஓர் அதட்டலில் அடங்காத பிள்ளை உலகத்திலேயே கிடையாது என்றாள். சோற்றைச் சுவரில் அப்பும் பிள்ளையிடம் கிண்ணத்தைக் கொடுப்பவளுக்கு அறிவு எங்கே போனது என்று கேட்டாள். தம்பி மனைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலே அக்காவுக்குத் திமிராகப் பட்டது.

அதற்குள் மூன்று வயதுப் பெரியவள், அக்காவின் மடியில் இருந்த பெட்டியை மோப்பம் பிடித்து வந்து நின்றாள். உள்ளே இருந்தது கண்ணாடியில் செய்த தேவதூதன். இந்த வீட்டில் ஒரு பொருளாவது தரமாக இருக்கட்டும் என்று வாங்கி, பஸ்ஸில் மூன்று மணி நேரம் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தது.

அக்கா அதை வெளியே எடுத்துப் பிடித்தாள். தொடாமல் பார்க்கச் சொன்னாள். பெரியவளும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தொடாமல்தான் பார்த்தாள். அப்புறம் ஆசை தாங்காமல் அதற்கு ஒரு முத்தம் கொடுக்கப் பாய்ந்தாள்.

தேவதூதன் தரையில் விழுந்து தூள்தூளானான்.

மிரண்டுபோன பெரியவள் அக்காவின் சேலையையே பற்றிக்கொண்டாள். அக்கா அதை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு எழுந்தாள். இத்தனை நேரம் தவணை தவணையாகச் சொன்னதை இப்போது மொத்தமாகச் சொன்னாள்.

"பிள்ளையச் சொல்லி என்ன பண்றது? பெத்தவ லட்சணம் அப்படி. அவளை வளர்த்தவளுக்கே வளர்க்கத் தெரியல, அப்புறம் இதுங்க எங்கேருந்து உருப்படும்?"

தம்பி மனைவி பிள்ளைகள் இரண்டையும் தூக்கி வாசல் கதவுப் பக்கமாக விட்டாள். துடைப்பத்தோடு திரும்பி வந்தவள் ஒரு கணம் புருஷனைப் பார்த்தாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்து கண்ணாடியைக் கூட்ட ஆரம்பித்தாள்.

பெற்ற தாயை இழுத்துப் பேசியும் ரோஷம் வராத ஜென்மம் என்று அக்கா நினைத்தாள். அவள் சிரிப்பை அடக்குகிறாளோ என்றுகூட ஒரு சந்தேகம்.

அந்த நேரத்தில் அழைப்பு மணி அடித்தது.

அழுகையைப் பாதியில் விட்டுவிட்டு இரண்டும் "அம்மா, அம்மா" என்று கதவைத் தட்டத் தொடங்கின. அம்மாக்காரி இங்கே துடைப்பமும் கையுமாக நிற்க, மூடிய கதவைப் பார்த்து அம்மா என்று கத்தும் பிள்ளைகளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

தம்பி கழுதையைக் கீழே வைத்தான். குல்லாவைக் கழற்றிக் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னான்:

"டூட்டி முடிஞ்சு உங்க பொண்ணு வந்திருக்கா, அக்கா. நீங்களே கதவைத் திறங்க."