இன்னிக்கு சத்தம் எப்பிடி?

"இன்னாடி, இன்னிக்கும் உம் புருசன் மெஷினைத்தான் விசாரிச்சானா?"

பக்கத்து வீட்டுக் கோகிலவாணி மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

ஹேமாவதி குழந்தையின் சட்டையைக் கொடியில் போட்டாள்.

"கத்தார்லேர்ந்து போன் போட்டு பேரிங்குக்கு உடம்பு எப்பிடி கீதுன்னு கேக்கற ஆளை இந்த இரும்புலியூர்லயே நான் பாத்ததில்ல. நீ நல்லா கீறியானு ஒரு வார்த்தை கேக்க மாட்டானா?"

"போங்கக்கா," என்று சிரித்துவிட்டு உள்ளே வந்துவிட்டாள். ஆனால் அவளுக்கும் உள்ளே குடைந்தது அதுதான்.

அவள் புருஷன் உதயாவுக்கு மரம் கடையற வேலை. கட்டில் கால், தொட்டில் கம்பு, மாடிப்படிக் கம்பு எல்லாம் வீட்டு முன்னால் ஷெட்டில் இருக்கும் பழைய மெஷினில்தான் கடைவான். இப்போது கத்தாரில் ஒரு கம்பெனியில் தச்சு வேலை.

போன புதிதில் வீடியோவில் வருவான். ஹேமாவதி குழந்தையைக் காட்டிவிட்டு, தான் போனுக்குப் பின்னால் போய்விடுவாள். எது கேட்டாலும் "ம்", "ஆச்சு". கடைசியில் "வெச்சிடட்டா?" அவ்வளவுதான். மனசு நிறைய வைத்திருப்பாள். போனைப் பார்த்தால் வார்த்தை வராது.

அப்புறம் ஒருநாள் சொன்னான். "மெஷினை ஓட்டாம வுட்டா ஜாம் ஆயிடும். சாயங்காலத்துல கொஞ்சம் ஓட்டி வெய்யி."

ஓட்டினாள். "கரகரன்னு வருதுங்க."

அன்றிலிருந்து தினமும் இதே பேச்சு.

"பெல்ட்டைக் கழட்டிட்டு கையால சுத்திப் பாரு. இப்பவும் வருதா?"

"வருது."

"அப்ப மோட்டார் இல்ல, பேரிங்தான். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு கீது. எதுன்னு தெரியணும். மறுபடி பெல்ட்டை மாட்டு. முந்தானையைச் சொருகிக்க. முடியை முடிஞ்சிக்க. திருப்புளி நுனியை பேரிங் பக்கத்துல வெச்சு, பிடியைக் காதுல ஒட்டிக் கேளு. எது மாதிரி கீது?"

எது மாதிரி? யோசித்து யோசித்துச் சொன்னாள்.

படப்பை பஸ் கியர் மாத்துற மாதிரி. சட்னியை வழிச்சப்புறம் மிக்ஸி சும்மா ஓடுற மாதிரி. "பாப்பா சளியோட மூச்சு வுட்டா பாருங்க, அது மாதிரி. கற்பூரவல்லி கஷாயம் குடுத்தேன். எல்லாத்தையும் எம் புடவையிலயே துப்பிட்டா. அப்புறம் பாத்து சிரிக்கிறா..."

"ம். அப்புறம்?" என்பான். முடிக்கும்போது, "நாளைக்கு பின்னாடி பேரிங்கைக் கேட்டு சொல்லு," என்பான்.

ஷெட்டில் ஆணியில் அவன் வேலைச் சட்டை தொங்கியது. மரத்தூள் வாசனை போய்விடுமே என்று அவள் அதைத் துவைக்கவே இல்லை. அதை ஒருநாள் சொல்லணும் என்று இருந்தாள். அவன் கேட்டால்தானே?

இந்தச் சத்தம் ஒழிந்தால், என்னைப் பற்றிக் கேட்பாரோ?

உதயாவுக்குத் தெரியாமல் படப்பை மெக்கானிக் சவுரிமுத்துவை வரச்சொன்னாள். "அவருதாண்ணா மாத்தச் சொன்னாரு," என்று ஒரு பொய்யும் சொன்னாள்.

சவுரிமுத்து ரெண்டு பேரிங்கையும் கழட்டிப் புதுசு போட்டார். ஸ்விட்சைத் தட்டினார். ஃபேன் ஓடுகிற மாதிரி சத்தமில்லாமல் ஓடியது.

"முன்னாடி பேரிங்தாம்மா தேஞ்சுபோச்சு, இந்தா." பழசை அவள் கையில் கொடுத்தார். "ஆனா அவனே மாத்தச் சொன்னான்னியே, அதான் ஆச்சரியமா கீது. போன மாசம் போன்ல நானே கேட்டேன், மாத்திக் குடுக்கட்டானு. தொடாதண்ணேன்னுட்டான்."

"ஏண்ணா?"

சவுரிமுத்து துணியில் கையைத் துடைத்தபடி சிரித்தார். "எம் பொண்டாட்டி ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டாண்ணே, அந்த சத்தம் வந்ததுலேர்ந்துதான் பேசறா, அது அப்பிடியே கெடக்கட்டும்னான்."

ஹேமாவதி அந்தப் பேரிங்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

போன் அடித்தது.

"இன்னா, ஓட்டனியா? இன்னிக்கு சத்தம் எப்பிடி கீது?"

அவள் மெஷினை நிறுத்தினாள். பழைய பேரிங்கைப் போனுக்குப் பக்கத்தில் பிடித்து, ஒரு விரலால் சுற்றிவிட்டாள். கரகரவென்றது.

"நேத்தவிட ஜாஸ்திங்க," என்றாள். "எது மாதிரின்னா... வெச்சிடாதீங்க, சொல்றேன்."